வேண்டாம் என்று சொல்லும் வேலை

பாட்டு கேட்பதற்கு ஆண்டுக்கு 15 ரூபாய் என்று அரசாங்கமே கட்டணம் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அதற்கு உரிமம் எடுத்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு புத்தகம். ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்ப் பணம் கட்டினால், எழுத்தர் பதிவு செய்து முத்திரை குத்தித் தருவார். கட்டத் தவறினால் அபராதம். 1980களின் நடுவில் இந்த உரிமமே வேண்டாம் என்று அரசு எடுத்துவிட்டது. அந்த வரிசையை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாலொழிய, பணம் வீட்டை விட்டுப் போகாது.

இன்று பாட்டுக்கான காசை யாரும் எங்கும் எடுத்துச் செல்வதில்லை. அது தானாகப் போகிறது. முதல் மாதம் இலவசம் என்று சேர்த்துக்கொள்கிற இசைச் செயலி, மாதம் முடிந்ததும் நம்மைக் கேட்காமலே கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. எடுக்கக் கூடாது என்றால், அந்த நாள் வருவதற்குள் நாம்தான் போய் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். முன்பு காசு கொடுப்பது ஒரு வேலையாக இருந்தது. இப்போது காசு கொடுக்காமல் இருப்பது ஒரு வேலையாகிவிட்டது.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை உலகுக்குக் காட்டியது 1963இல். நம் ஊர்களுக்கு அது வந்து சேர்ந்து, வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் ஆனபோது எண்பதுகள் பிறந்துவிட்டன. அந்த நாட்களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில், பேருந்து நிலையத்தை ஒட்டியோ கடைத்தெரு முனையிலோ ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். அவற்றின் பாட்டு வரிசையை எழுதிவைத்த நீண்ட நோட்டுப் புத்தகங்கள். வாடிக்கையாளர் ஒரு வெற்றுக் கேசட்டை வாங்கி, வெள்ளைத்தாளில் தனக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. தொண்ணூறு என்றால் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு வரை பிடிக்கும். சில நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அட்டையில் கடைக்காரரின் கையெழுத்தில் ஏ பக்கம், பி பக்கம் என்று பாட்டுகள் வரிசையாக இருக்கும். பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிஞ்சினால், அதில் தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுகிற கடைக்காரர்களும் இருந்தார்கள். நாம் கேட்காத அந்தப் பாட்டே பின்னால் நமக்கு ரொம்பப் பிடித்துப்போவதும் உண்டு. இன்றைய செயலிகள் பெரிய கணக்குகளைப் போட்டுச் செய்கிற பரிந்துரையை அந்த மனிதர் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் செய்துவிட்டார்.

சோதனைக் காலம் என்பது அங்கேயும் இருந்தது. அது ஒரு பல்லவி நீளம். புதுப் படத்தின் பாட்டு எப்படி என்று கேட்டால், கடைக்காரர் தட்டில் ஊசியை வைத்துப் பல்லவியும் பாதிச் சரணமும் போட்டுக் காட்டுவார். பிடித்திருந்தால் பட்டியலில் சேரும். பிடிக்காவிட்டால் "இது வேணாம்ணே" என்ற ஒரு சொல்லோடு தீர்ந்தது. பாதிச் சரணம் கேட்டதற்காக அவர் நம் பெயரையும் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். அடுத்த மாதம் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் மாட்டார். கடையை விட்டு இறங்கியதும் அவருக்கும் நமக்கும் இருந்த கணக்கு முடிந்தது.

அந்தக் கடைகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சட்டப்படி பார்த்தால் அங்கே நடந்தது திருட்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அன்றும் நடப்பில்தான் இருந்தது. நாம் கொடுத்த காசில் இசையமைப்பாளருக்கோ, பாடியவருக்கோ, தட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கோ ஒரு காசு போகவில்லை. நமக்கு நேர்மையாக நடந்துகொண்ட கடைக்காரர், நமக்குப் பிடித்த கலைஞருக்கு அப்படி நடந்துகொள்ளவில்லை. இன்றைய மாதச் சந்தாவில், எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒரு பங்கு உரிமையாளர்களுக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் இன்று அன்றைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தா என்ற ஏற்பாட்டைத் தமிழ் வாசகருக்குப் பழக்கியவை பத்திரிகைகள். ஆண்டுச் சந்தாவை மணியார்டரில் அனுப்ப வேண்டும். படிவத்தின் அடியில் இருக்கும் சிறு இடத்தில், எந்த மாதத்திலிருந்து இதழ் வேண்டும் என்று எழுத வேண்டும். பன்னிரண்டு மாதம் ஆனதும், இந்த இதழோடு உங்கள் சந்தா முடிகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டோ, மேலுறையில் ஒரு முத்திரையோ வரும். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் இதழ் நின்றுவிடும். அவ்வளவுதான். புத்தகக் கடைகள் அனுப்பிய வி.பி.பி. பார்சலிலும் இதே முறைதான். தபால்காரர் வாசலில் நின்று தொகையைச் சொல்வார். கொடுத்தால் பார்சல் நமக்கு, கொடுக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். போகவர ஆன செலவு விற்றவர் தலையில். அந்த ஏற்பாடுகளில் நம் சும்மா இருத்தல் 'வேண்டாம்' என்று பொருள்பட்டது. தொடர வேண்டும் என்று விரும்புகிறவர் விற்பவர். எனவே நினைவூட்டுவதும் கேட்பதும் காத்திருப்பதும் அவர் வேலை. இன்றைய இலவச மாதத்தில் சும்மா இருந்தால் 'வேண்டும்' என்று பொருள். நினைவில் வைத்திருக்கும் வேலை வாங்குகிறவரிடம் மாறிவிட்டது. மற்ற எல்லா மாற்றங்களும் இதற்குப் பிறகுதான்.

நேரில் வந்து கேட்ட காலத்துக்கு அதன் சங்கடங்களும் உண்டு. கேபிள்காரர் மாதம் பிறந்ததும் சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபமில்லை. அவர் அதே தெருக்காரராக இருப்பார், ஏன் என்னாச்சு, படம் தெளிவா இல்லையா என்று அக்கறையாகக் கேட்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று நாமே சொல்லிவிடுவோம். பேப்பர் போடுகிற பையனை நிறுத்தச் சொல்ல மனம் வராமல் இரண்டு நாளிதழ் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், யார் முகமும் வாட வேண்டியதில்லை. இதை ஒரு விடுதலை என்றே சொல்லலாம். ஆனால் செயலிகளை வடிவமைத்தவர்களுக்கு மனித முகத்தின் வலிமை தெரிந்திருக்கிறது. ரத்து செய்யப் போனால் பல சேவைகள், நிஜமாகவே போகிறீர்களா என்று கேட்கின்றன. நாம் சேர்த்த பாட்டுப் பட்டியல்களை வரிசையாகக் காட்டி, இவற்றையெல்லாம் இழப்பீர்கள் என்கின்றன. கேபிள்காரர் அதை நட்பில் செய்தார். திரையில் இருப்பது கணக்கு.

நம் ஊரை மட்டும் பார்த்துவிட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வியாபாரம் இணையத்தோடு வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் அது பாட்டு விற்பனையிலேயே பழையது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1955இல் அஞ்சல்வழி ரெக்கார்டு கிளப் ஒன்றைத் தொடங்கியது. ஒரு சென்ட் நாணயத்தை அட்டையில் ஒட்டி அனுப்பினால் பன்னிரண்டு ஆல்பங்கள் என்ற அளவுக்குப் பின்னாளில் அதன் விளம்பரங்கள் போயின. அதற்குப் பதிலாக, அடுத்த சில ஆண்டுகளில் இத்தனை ஆல்பங்களை முழு விலையில் வாங்குவதாக உறுப்பினர் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதாமாதம் ஒரு அட்டை வரும். இந்த மாதத் தட்டு வேண்டாம் என்றால் அதில் குறித்துக் குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்தால் தட்டு வந்து இறங்கும், கூடவே பில்லும். புகார்கள் பெருகி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1973இல் இதற்கென்றே ஒரு விதி செய்தது. வேண்டாம் என்று சொல்ல உறுப்பினருக்குக் குறைந்தது பத்து நாளாவது கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பொய்ப் பெயர்களில் சேர்ந்து பன்னிரண்டு ஆல்பங்களை வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களும் அங்கே உண்டு. இன்று புதுப் புது மின்னஞ்சல் முகவரிகளில் இலவச மாதங்களை அடுக்கிக்கொண்டு போகிற நம் பிள்ளைகளுக்கு அவர்கள் முன்னோர். அந்த கிளப்பை நடத்திவந்த நிறுவனம் 2015 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது.

அதே 2015இன் ஜூன் 30ஆம் தேதிதான் ஆப்பிள் மியூசிக் வந்தது. மூன்று மாதம் இலவசம், பிறகு இந்தியாவில் மாதம் 120 ரூபாய். தொடங்குவதற்கு முன்பே ஒரு தகராறு. அந்த மூன்று மாதத்துக்குக் கலைஞர்களுக்கும் காசு கிடையாது என்று ஆப்பிள் முடிவு செய்திருந்தது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ஒரு திறந்த மடல் எழுதித் தன் ஆல்பத்தைத் தரமாட்டேன் என்றார். ஒரு நாளுக்குள் நிறுவனம் இறங்கி வந்தது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை உலகம் அன்று வெளிச்சமாகப் பார்த்தது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரி இறுதியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய், முதல் முப்பது நாள் இலவசம். அடுத்த மாதமே யூடியூப் மியூசிக்கும் வந்தது. ஆப்பிள் 2022இல் மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தன்னிடம் பத்துக் கோடிப் பாட்டுகள் இருப்பதாக அறிவித்தது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பத்தொன்பதாவது பாட்டுக்கு இடம் தேடியவருக்கு இந்த எண்ணை எங்கே வைத்துப் பார்ப்பதென்று தெரியாது.

சேரும்போது நடப்பதைக் கவனித்தால், இந்த வியாபாரத்தின் எலும்புக்கூடு தெரியும். இலவசத்தில் சேரவே அட்டை எண்ணோ யுபிஐ அனுமதியோ கேட்கிறார்கள். சோதிப்பதற்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ எடுத்துவிட்டுத் திருப்பியும் தருகிறார்கள். நாம் கொடுத்ததாக நினைப்பது ஒரு ரூபாய். நிஜத்தில் கொடுத்தது, இனி மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. ஆட்டோபே என்று இதைச் சொல்கிறோம். யுபிஐயில் இந்த வசதி 2020 ஜூலையில் வந்தது. அனுமதி கொடுக்கும் திரையில், அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எந்தத் தேதி வரை எடுக்கலாம் என்ற இரண்டு வரிகள் இருக்கும். பின் எண்ணை அழுத்தும் அவசரத்தில் அவற்றைப் படிப்பவர் குறைவு. அந்த இரண்டு வரியும்தான் ஒப்பந்தம்.

வெளியே வரும் வழி, உள்ளே வந்த வழியைப் பொறுத்தது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. ஐபோனில் ஆப்பிள் வழியாகச் சேர்ந்திருந்தால், செட்டிங்ஸில் மேலே இருக்கும் தன் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், அந்த ஸ்டோரில் தன் படத்தைத் தொட்டு அதே பெயருள்ள பகுதியைத் தேட வேண்டும். சேவையின் இணையதளத்திலேயே அட்டையைக் கொடுத்திருந்தால், அங்கே உள்ள கணக்குப் பக்கம். செல்போன் நிறுவனத்தின் ரீசார்ஜோடு வந்த சந்தா என்றால் அந்த நிறுவனத்திடம். எந்தக் கதவால் நுழைந்தோம் என்பது முப்பதாவது நாளில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சேர்ந்தபோது வந்த உறுதி மின்னஞ்சல் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

நேரமும் பொருட்டு. கடைசி நாள் இரவு வரை பொறுத்திருப்பது சரியல்ல. ஒரு நாள் முன்பாகவாவது ரத்து செய்யும்படி ஆப்பிளே சொல்கிறது. சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிட்டு மிச்ச நாட்களை நிம்மதியாகக் கேட்பது யூடியூப் போன்ற சேவைகளில் நடக்கும், இலவச மாதம் முடியும்வரை பாட்டு ஓடும். ஆப்பிளின் இலவசக் காலத்தில் ரத்து செய்தால் அந்த நிமிடமே சேவை நின்றுபோகவும் கூடும். எனவே அங்கே நாட்காட்டியில் குறித்துவைத்து, முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு செய்வது உத்தமம். ரத்து ஆனதற்கு அத்தாட்சியாக ஒரு மின்னஞ்சல் வரும், அல்லது இந்தத் தேதியோடு முடிகிறது என்ற வரி திரையில் தெரியும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பழைய மணியார்டர் ரசீதைப் பத்திரப்படுத்துகிற அதே புத்தி.

வழியைச் சுற்றி வளைப்பது வேண்டுமென்றே செய்யப்படுகிறது என்பதற்கு இனிச் சாட்சி தேட வேண்டியதில்லை. அமேசானின் ப்ரைம் சந்தாவை எதிர்த்து அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. சேர்வதற்கு ஓரிரு சொடுக்குகள் போதும், விலகுவதற்கு நான்கு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவுகள் என்றது அதன் மனு. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் இலியட். பத்தாண்டு முற்றுகையின் இறுதிக் கட்டத்தைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2025 செப்டம்பரில் வழக்கு 250 கோடி டாலருக்குச் சமரசமானது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அதே ஆணையம் 2024 அக்டோபரில் போட்ட பொது விதி மட்டும் நிற்கவில்லை. முறைப்படி செய்யப்படவில்லை என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஜெர்மனி இதைவிட நேராக யோசித்தது. இணையத்தில் சந்தா விற்பவர் எவரும், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் பொத்தானைத் தளத்தில் வெளிப்படையாக வைத்தாக வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் அங்கே சட்டம்.

இந்தியாவில் பெரிய திருத்தத்தைச் செய்தது ரிசர்வ் வங்கி. 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி செய்தி அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பது அதில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். முதலில் அனுமதி கொடுக்கும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு முதலில் 2,000 ரூபாயாக இருந்து, 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. விதி வந்த 2021 அக்டோபரில் பலருக்குச் சந்தாக்கள் தடைபட்டன, எரிச்சல்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஆப்பிள் இந்திய அட்டைகளையே ஏற்காமல், முன்கூட்டியே கணக்கில் பணம் போட்டு வைக்கச் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போட்ட பணம் தீர்ந்தால் சந்தாவும் தீர்ந்தது. உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, ஒரு சுற்று சுற்றி, மணியார்டர் சந்தாவின் ஒழுங்குக்கு வந்து நின்றது. எனக்கு அது பின்னடைவாகத் தோன்றவில்லை.

அந்த 24 மணி நேரச் செய்தி, மேலுறையில் வந்த 'சந்தா முடிகிறது' முத்திரையின் இன்றைய வாரிசு. ஆனால் ஒரு வேறுபாடு. பழைய முத்திரையைக் கவனிக்காமல் விட்டால் காசு மிஞ்சியது. இன்றைய செய்தியைக் கவனிக்காமல் விட்டால் காசு போகிறது. கடன் தருகிறோம், வீட்டுமனை வாங்குங்கள், பார்சல் வந்திருக்கிறது என்று நாளெல்லாம் வந்து விழும் குறுஞ்செய்திகளுக்கு நடுவே, பாட்டுச் சந்தாவுக்கான எச்சரிக்கையும் ஒன்றாகக் கிடக்கிறது.

காகிதத்தில் நம் நாட்டு விதி இன்னும் கண்டிப்பானது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, அந்த வழியை மறைத்து வைப்பது ஆகியவை அதன் விளக்கத்தில் வருகின்றன. இவற்றோடு, இலவசச் சந்தாவுக்காகக் கட்டண விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ கொடுக்கும்படி கட்டாயப்படுத்துவதும் பொறி என்றே அது சொல்கிறது. படித்ததும் நான் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். இன்று பல இசைச் சேவைகளின் இலவச மாதத்தில் சேரப் போனால் முதல் கேள்வியே அட்டையா, யுபிஐயா என்பதுதான்.

வேண்டாம் என்று சொன்ன பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதிலும் அன்றும் இன்றும் ஒன்றல்ல. கேசட்டின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மடிப்பு இருக்கும். அதை உடைத்துவிட்டால் யாரும் அதில் மறுபடி பதிவு செய்ய முடியாது, பாட்டு அழியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் காகிதத்தை ஒட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் நம் விரலில் இருந்தது. ரெக்கார்டிங் சென்டர் மூடிப்போனாலும் கேசட் பாடிக்கொண்டிருந்தது, நாடா சிக்கி அறுகிறவரை. செயலியில் பதிவிறக்கிய பாட்டு, சந்தா இருக்கிறவரைதான் நம்முடையது. ஸ்பாட்டிஃபையில் சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் பதிவிறக்கியவை போய்விடும். சேவையே மூடிப்போவதும் நடக்கிறது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கையும் மூடினார்கள். அவற்றில் ஆண்டுக்கணக்காகப் பாட்டுப் பட்டியல் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று.

இருந்தாலும் பழைய முறைக்குத் திரும்பச் சொன்னால் நான் திரும்பமாட்டேன். எண்பதுகளில் மாவட்டத் தலைநகரில்கூடக் கிடைக்காத கர்நாடக இசைத்தட்டை இன்று கிராமத்தில் இருக்கும் ஒரு மாணவி ஒரு சொடுக்கில் கேட்கிறாள். மாதச் சந்தா அதற்கு அநியாய விலை அல்ல, விரும்பிக் கொடுத்தால். என் புகார் விலையைப் பற்றியது அல்ல. மறதியை வருமானமாக வைத்திருப்பதைப் பற்றியது. மாதம் முடிந்ததும், தொடரலாமா என்று ஒருமுறை கேட்டு, ஆம் என்றால் மட்டும் எடுத்துக்கொள்வது தொழில்நுட்பத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தபால்காரர் வாசலில் நின்று அதைத்தான் செய்தார்.

அதுவரை வேலை நம்முடையது. நீங்கள் இலவச மாதம் ஒன்றில் இருந்தால், இன்று உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தெந்தப் பெயர்களுக்கு எவ்வளவு வரை, எந்தத் தேதி வரை அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது அங்கே இருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம், சேவையிலும் தனியே ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால் முதலில் வங்கியிடமும் சேவையிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915.